நகல் அறை வாசலில் ஒரு சோடி செருப்பு

கதிர்காமநாதன் வீட்டுக் குசினியில் ஒரு சட்டம் இருந்தது. கிரைண்டரைத் தொடுகிறவர் யாரானாலும் முதலில் காலில் றப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கென்றே நீலப் பட்டி வைத்த ஒரு சோடி செருப்பு அலுமாரிக்குக் கீழே கிடக்கும். வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது. ஏனென்றால் அந்தக் கிரைண்டர் கடிக்கும்.

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி, சேலைகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி ஆக்லாந்துக்குக் கொண்டுவந்த கிரைண்டர் அது. உடம்பு முழுக்க இரும்பு. வந்த புதிதில் அதன் பிளக் இந்த ஊர்ச் சுவரில் பொருந்தவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா கதிர்காமநாதன்? பென்ரோஸில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீட்டில் எது பழுதானாலும் வெளி ஆளைக் கூப்பிடாமல் தானே ஸ்குரூடிரைவரோடு குந்திவிடுகிறவர். பழைய பிளக்கை வெட்டி எறிந்தார். உள்ளே மூன்று வயர் இருந்தன. இரண்டைப் புதுப் பிளக்கில் பூட்டினார். மிச்சமிருந்த பச்சை வயரை மடித்து அதன்மேல் டேப்பைச் சுற்றினார்.

"இது சும்மா பேருக்கு வைச்சிருக்கிறாங்கள். ஓடுறதுக்கு ரெண்டு வயர் காணும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கிரைண்டர் ஓடியது. உளுந்து பஞ்சு பஞ்சாக அரைபட்டது. கூடவே, தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு கடி. "லேசாத்தான் அடிக்குது, செருப்பைப் போட்டுக்கொண்டு தொடும்" என்றார் மனைவி புஷ்பவதியிடம். அவளும் சரியென்று தலையாட்டிவிட்டுத் தோசைக்கு அரைக்கப் போனாள்.

நம் சனத்தை இதில் குற்றம் சொல்லவும் மனம் வருவதில்லை. கதவைத் திறந்தால் கையை உதற வைக்கிற ஃபிரிட்ஜும், கிட்டப் போனாலே மயிர் சிலிர்க்கிற அயன்பொக்ஸும் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? எந்தப் பக்கம் தொட்டால் அடிக்காது என்பது வீட்டாருக்கு அத்துப்படி. விருந்தாளி வந்தால் மட்டும், "கவனம், அது கடிக்கும்" என்று வளர்ப்பு நாயைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்லி வைப்பார்கள். திருத்துவதா? ஓடுகிற சாமானை யாராவது திருத்துவார்களா!

புஷ்பவதி யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்தவள். இங்கே வந்து மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வரை வீட்டோடு கிடந்தாள். மகள் கஜந்தினி இந்த ஊர்ப் பிள்ளை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். காலில் சப்பாத்து நிற்காது. பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்தோடு போய் வெறுங்காலோடு திரும்பி வரும் பிள்ளையைக் கண்டு புஷ்பவதி முதலில் பதறினாள். பிறகு பார்த்தால் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், டெய்ரி என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்க வருகிற பெரிய மனிதர்களும் அப்படித்தான். "கஜா, வெறுங்காலோட கிரைண்டருக்குக் கிட்டப் போகாதை" என்று மட்டும் தினமும் சொல்லி வைப்பாள். "ஓகே, அம்மா" என்பாள் மகள். சொல்வழி கேட்கிற பிள்ளைதான், பாதி நாட்களில்.

மகள் பள்ளிக்கூடம் போனதும் புஷ்பவதி கம்ப்யூட்டர் படித்தாள். வேலைக்கு எழுதிப் போட்டாள். போன இடமெல்லாம் சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு உள்ளூர் அனுபவம் இல்லையே" என்று சொல்லி அனுப்பினார்கள். அட கோதாரி, ஒருவரும் வேலை தராமல் உள்ளூர் அனுபவம் எங்கிருந்து வரும்? கடைசியில், தொண்ணூற்றாறாம் ஆண்டு முடிகிற நேரம், எல்லர்ஸ்லியில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் தற்காலிகமாக எடுத்தார்கள். நகல் எடுப்பது, ஃபைல் அடுக்குவது, கடிதம் பிரிப்பது. இந்த ஊரில் மாசியோடு முடிகிற கோடை கழியும்போது, பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவோம் என்றார் மேலாளர் கிரேம். அந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் புஷ்பவதிக்கு வேறொரு நேர்த்தியும் இருக்கவில்லை.

நகல் அறை என்பது முன்பு துப்புரவுச் சாமான் வைத்திருந்த அறை. சீமெந்துத் தரை, மூலையில் ஆழமான ஒரு சிங்க், அதன் அருகிலேயே பழைய காலத்துப் பெரிய நகல் இயந்திரம். பக்கமெல்லாம் தகடு. அறைக்குள் பிளக் இல்லாததால் இயந்திரத்தின் வயர் ஒரு கிழட்டு எக்ஸ்டென்ஷனில் சேர்ந்து, கதவடியால் வெளியே ஊர்ந்து, நடையில் கதவோரம் இருந்த சுவிட்சில் போய் ஏறியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, புதுச் சப்பாத்துக் கடிக்கிறதே என்று அதைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் பக்கத் தகட்டில் கை வைத்தாள். சுள்!

கையை இழுத்துக்கொண்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய தேசத்தில், வாயைத் திறந்தால் வார்த்தை தடுக்குகிற அலுவலகத்தில், தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல இருந்தது அவளுக்கு. "அட, நீயும் கடிக்கிற சாதியா?" என்று தமிழிலேயே கேட்டாள் இயந்திரத்திடம்.

மத்தியானம் கல்யாணியிடம் சொன்னாள். கல்யாணி கணக்குப் பிரிவில் வேலை பார்த்த திருச்சிப் பெண். அந்த அலுவலகத்தில் தமிழில் வாய் திறக்க இருந்த ஒரே ஆள்.

"இதுக்குப் போய் ஏன்க்கா கவலைப்படறீங்க? எங்க வீட்டு வாஷிங் மெஷின்கூட லேசா ஷாக் அடிக்கும். ரப்பர் செருப்பு ஒண்ணு கொண்டாந்து வச்சுக்கங்க. ஒண்ணும் ஆகாது."

"கிரேமிட்டச் சொல்லத் தேவையில்லையோ?"

"புதுசா சேர்ந்தவங்க வந்த உடனே கம்ப்ளெயின்ட் பண்ணா என்ன நினைப்பாங்க?"

வீட்டில் கதிர்காமநாதனும் அதையேதான் சொன்னார். அவருடைய வெயர்ஹவுஸில் ஒருவன், ஏணி ஆடுகிறது என்று இரண்டு தரம் சொன்னானாம். மூன்றாம் தரம் சொல்ல அவனை வேலைக்கே கூப்பிடவில்லையாம். "வேலை கையில வரும்வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரும். பிறகு ஆறுதலாக் கதைக்கலாம்" என்றார். மறுநாள் புஷ்பவதியின் பைக்குள் சோற்றுப் பெட்டியோடு ஒரு சோடி றப்பர் செருப்பும் போனது.

அன்றிலிருந்து தினமும் அதே நடைமுறை. நகல் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பாள், செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள், வேலை முடிந்து வந்து செருப்பை வாசலில் விட்டுச் சப்பாத்தைப் போடுவாள். அதற்குப் பிறகு இயந்திரம் அவளை அவ்வளவாகக் கடிக்கவில்லை. விரல் நுனியில் ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

இதை அலுவலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரரின் மரியாதை இருக்கிறதே, அது சில வேளை மனிதரைக் கொன்றுவிடும். கிரேம் நல்ல மனிதர். வேற்று நாட்டவரோடு பழகுவது எப்படி என்று ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்தவர் வேறு. வாசலில் சப்பாத்து, உள்ளே போக வேறு செருப்பு என்றதும், இது இவர்களுடைய சமயம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று, கேட்டால் மனம் புண்படும் என்று அவர் தானாகவே முடிவு செய்துவிட்டார். யாரும் அதைப் பற்றிக் கிண்டலாகப் பேசக் கூடாது என்று மற்றவர்களிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தார்.

வரவேற்பு மேசையில் இருந்தவள் மெரே. இந்த மண்ணின் பூர்வகுடியான மவோரிப் பெண், பெரிய சிரிப்பு, பெரிய மனது. புஷ்பவதிக்கு டெலிபோனில் என்ன சொல்ல வேண்டும், கூட்டத்தில் எங்கே சிரிக்க வேண்டும் என்றெல்லாம் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். மெரேயின் ஆட்களுக்கும் தங்கள் ஊர்ப் பெரிய மண்டபத்துக்குள் போவதென்றால் சப்பாத்தை வெளியே விடுகிற வழக்கம். வாசலில் புஷ்பவதியின் சப்பாத்தைக் கண்டாளோ இல்லையோ, தன்னுடையதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வரத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். தை பிறக்கும்போது நகல் அறை வாசல் கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது.

புஷ்பவதிக்கு இந்தக் கூத்து விளங்கவில்லை. வெறுங்காலில் திரிகிற சனம், வெயிலுக்குக் கழற்றுகிறார்களாக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்த வெறுங்கால்களைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. செருப்பில்லாத கால் அந்த இயந்திரத்தைத் தொடக் கூடாதே! யாராவது தாளோடு உள்ளே வந்தால் பாய்ந்து போய் வாங்கிக்கொள்வாள். "நான் எடுத்துத் தாறேன், நீங்கள் போய் இருங்கள்" என்பாள். மத்தியானச் சோற்றையும் அந்த அறையிலேயே ஸ்டூல் போட்டுச் சாப்பிட்டாள், இயந்திரத்துக்குக் காவலாக. ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துபோகிற சங்கதிக்கு இத்தனை பாடு! அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வரும். வேலை என்ற நினைப்பு வந்து அதை விழுங்கிவிடும். "இப்படி ஒரு உழைப்பாளியை நான் கண்டதில்லை" என்று கிரேம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. கிரேம் வந்து, "புஷ்பா, என் அறைக்குக் கொஞ்சம் வாங்களேன்" என்றார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள். முருகா, இன்றைக்குத்தான்.

கிரேம் கதவைச் சாத்தினார். இருக்கச் சொன்னார். அவளுடைய வேலையைப் பற்றி நல்ல நல்ல சொல்லாக எடுத்து அடுக்கினார். "ஆகவே எங்கள் எல்லாருடைய விருப்பமும் என்னவென்றால்" என்று அவர் தொடங்கிய நேரம், சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. உர்ரென்று நகல் இயந்திரம் சூடேறுகிற சத்தம்.

யார் அங்கே? யார் அதைப் போட்டது?

மேலாளர் வாக்கியத்தை முடிக்கவில்லை. புஷ்பவதி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

வாசலில் மெரேயின் சப்பாத்து, மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. புஷ்பாவுக்கு இன்றைக்கு நல்ல நாள், அவளுடைய தாள் குவியலை நாமே முடித்து வைப்போம் என்று ஆசையோடு உள்ளே போயிருக்கிறாள் பாவி மகள். ஈரக் கால். கையில் பட்ட மையைக் கழுவ சிங்க் குழாயைப் பிடித்தபடி, மற்றக் கையை இயந்திரத்தின் பக்கமாக நீட்டுகிறாள்.

"தொடாதை!"

தமிழில்தான் வந்தது. மெரே திரும்பிப் பார்த்தாள். பார்க்கும்போதே கை தகட்டில் பட்டுவிட்டது. அவளுடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு விறைத்துக்கொண்டு நடுங்கியது. கை ஒட்டிப் பிடித்துவிட்டது.

ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுக்கத்தான் புஷ்பவதியின் கை எழுந்தது. தொட்டால் நீயும் போய்விடுவாய் என்று உள்ளே ஒரு குரல். கதவோரத்துச் சுவிட்சை ஓங்கி அடித்தாள். இயந்திரத்தின் உறுமல் நின்றது. மெரே அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் ஓடி வந்ததும், ஆம்புலன்ஸ் வந்ததும் புஷ்பவதிக்குக் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மெரேயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ரை ராசாத்தி, கண்ணைத் திற" என்று அழுதது மட்டும் நினைவிருக்கிறது. மெரே கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு சூடு, இடுப்பில் ஒரு கன்றல், அவ்வளவோடு தப்பினாள். ஆஸ்பத்திரியில் ஓரிரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை புஷ்பவதி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள். மெரேயும் வந்திருந்தாள், கையில் கட்டோடு. ஒரு எலக்ட்ரீஷியன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். புஷ்பவதிக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று இரவாக அவள் தூங்கவில்லை.

கல்யாணி அவளைத் தேநீர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, கிரேம் உங்களைக் கேப்பாரு. மெரே கத்தவே இல்லையாம். அப்புறம் எப்படி நீங்க முன்னாடியே ஓடினீங்கன்னு எல்லாரும் ஆச்சரியப்படறாங்க. ஏதோ மனசுல பட்டுதுன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் வாய் தவறி வந்துடக் கூடாது. நானும் வாயத் திறக்க மாட்டேன். அந்தச் செருப்பு ஐடியா குடுத்ததே நான்தானே!" அவளுடைய கண்ணிலும் தண்ணீர் நின்றது.

பின்னேரம் மூன்றரை மணி போல, கேக் வெட்ட எல்லாரும் கூடியபோது, கிரேம் அதையேதான் கேட்டார், வியப்போடு. "புஷ்பா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அவள் வாய் திறப்பதற்குள் எலக்ட்ரீஷியன் நகல் அறையிலிருந்து வந்தார். கையில் அந்தக் கிழட்டு எக்ஸ்டென்ஷன், நடுவால் கீறிப் பிளந்தபடி.

"இதைப் பாருங்கள். இயந்திரத்துக்குள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகட்டோடு உரசுகிறது. அப்படி உரசினாலும், இந்தப் பச்சை வயர் இருந்தால் கரண்டைத் தரைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஃபியூஸும் போய்விடும். ஆட்களுக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் மிதிபட்டு மிதிபட்டுப் பச்சை வயர் உள்ளே அறுந்து கிடக்கிறது. உயிரைக் காப்பாற்றுகிற வயரே இதுதான்."

பச்சை வயர்.

புஷ்பவதியின் கண்ணுக்கு முன்னால் எக்ஸ்டென்ஷன் இல்லை. குசினிச் சுவரோரம், கதிர்காமநாதன் மடித்து டேப் சுற்றி விட்ட பச்சை வயர்தான் தெரிந்தது. இன்றைக்கு அவருக்குக் காலை ஷிஃப்ட். பள்ளிக்கூடம் விட்டு மகளைக் கூட்டி வந்திருப்பார். காலையில் உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தவள் அவளேதான்.

"நான் வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மெரேயின் மேசைப் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, கடவுளே எடு.

"ஹலோ?" என்றார் கதிர்காமநாதன்.

"இஞ்சருங்கோ, கிரைண்டரைத் தொடாதேங்கோ! பிள்ளை எங்கை?"

"இஞ்சைதான் நிக்கிறாள். ஏன், நான் இப்பதான் உளுந்து போட..."

"சுவிட்சை நிப்பாட்டிப் பிளக்கைக் கழட்டுங்கோ. இப்பவே! போனை வைக்க வேண்டாம், நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்! கழட்டுங்கோ எண்டுறன்!"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் காலடிச் சத்தம், பிளக் கழன்ற சத்தம், பிறகு மகளின் குரல்: "அப்பா, வாட்ஸ் ராங் வித் அம்மா?" புஷ்பவதி போனை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலுவலகம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ் விளங்காவிட்டாலும் அந்தக் குரல் யாருக்கு விளங்காது?

அதற்கு மேல் மறைக்க அவளிடம் தென்பு இருக்கவில்லை. உடைந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் கிழமையிலிருந்தே இயந்திரம் கடித்தது தனக்குத் தெரியும். அதற்குத்தான் செருப்பு. அதற்குத்தான் அங்கே இருந்து சாப்பிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டாள். "எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம். லேசாக அடிக்கும், செருப்புப் போடுவோம். வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் பிள்ளையும் வெறுங்கால்தான். மெரே, என்னை மன்னித்துவிடு."

"அந்தச் செருப்பு ஐடியா என்னோடது" என்றாள் கல்யாணி பின்னாலிருந்து. வாய் திறக்க மாட்டேன் என்றவள் திறந்துவிட்டாள்.

மெரேயின் முகம் கறுத்தது. "உனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "இவ்வளவு நாளும் தெரியும். நான் செத்திருப்பேன், புஷ்பா."

"ஓம்" என்றாள் புஷ்பவதி.

மெரே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு அவள் திரும்பி, "நான் உனக்காகத்தான் சப்பாத்தைக் கழற்றினேன், தெரியுமா?" என்றாள். "அது உன்னுடைய வழக்கம் என்று. உனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று."

"எனக்காகவா?"

கிரேம் தொண்டையைச் செருமினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "நான்கூட அது உங்கள் சமயம் என்று நினைத்தேன்" என்றார். "கேட்டால் தப்பாகிவிடுமோ என்று கேட்கவில்லை. அந்த எக்ஸ்டென்ஷன் வயரும், உண்மையைச் சொன்னால், என் வீட்டுக் கராஜிலிருந்து நான் கொண்டுவந்து போட்டதுதான்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மெரேயாகத்தான் இருக்க வேண்டும். அழுகையும் சிரிப்புமாக வந்து புஷ்பவதியை ஒற்றைக் கையால் இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். "இனி ஏதாவது உன்னைக் கடித்தால் நீ கத்த வேண்டும். இந்தக் கட்டடமே அதிரக் கத்த வேண்டும். விளங்கியதா?"

"விளங்கியது."

அன்று வேலை முடிவதற்குள் கிரேம் வெள்ளிக்கிழமை விட்ட வாக்கியத்தை முடித்து வைத்தார். வேலை நிரந்தரம். எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து கட்டடத்திலுள்ள ஒவ்வொரு மேசையாகப் போய், மிதிபடுகிற வயர், பிளந்த பிளக், ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய மல்டிபாக்ஸ் எல்லாவற்றையும் பார்க்கிற பொறுப்பும் அவளுக்குத்தான் வந்தது. அவள் கேட்ட கேள்வி எல்லா மேசையிலும் ஒன்றுதான்: "இதில் ஏதாவது கடிக்கிறதா?" அச்சு இயந்திரத்துக்காரன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாம், லேசாக" என்றான். சரிதான், நம் சனம் மட்டும் இல்லை.

வீட்டில் கதிர்காமநாதன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். இத்தனை வருஷம் ஓடின சாமான், ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, தன் கைவேலையைப் பிழை சொல்லிவிட்டாள். புஷ்பவதி சண்டை பிடிக்கவில்லை. மெரேயின் கை எப்படி ஒட்டியது, கண் எப்படிச் செருகியது என்று சொன்னாள். ஈரக் காலோடு நின்றது கஜாவாக இருந்திருந்தால் என்று ஒரு சொல் சொன்னாள். மனிதர் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், குசினித் தரையில் குந்தியிருந்து, தான் சுற்றிய டேப்பைத் தானே நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிரைண்டரைத் தானே தூக்கிக்கொண்டு போய் அந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார். புது வயர், புதுப் பிளக், பச்சை வயர் அதன் இடத்தில். சோதித்துப் பார்த்து ஒட்டுச்சீட்டும் ஒட்டிக் கொடுத்தார்கள். கதிர்காமநாதன் அந்தச் சனிக்கிழமையே இரண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போன் எடுத்து, "உங்கட வீட்டுச் சாமானும் கடிக்கிறதோ? பச்சை வயரைப் பாருங்கோ, விளையாடாதேங்கோ" என்று ஏதோ தானே கண்டுபிடித்ததுபோலப் புத்தி சொன்னார். புஷ்பவதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரைண்டர் தன் பழைய இடத்துக்கு வந்தது. புஷ்பவதி பிளக்கைச் செருகினாள். வழக்கம்போல அலுமாரிக்குக் கீழே செருப்பைத் தேடிப் போன காலை நிறுத்திக்கொண்டாள். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்றாள். சுவிட்சைப் போட்டாள். இரும்பு உடம்பில் கை வைத்தாள்.

ஒன்றும் இல்லை. ஒரு கூச்சம்கூட இல்லை.

அவள் கையை எடுக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து இதுவரைக்கும், ஒன்றும் செய்யாத இரும்பை அவள் தொட்டதே இல்லைபோல அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வடிந்தது.

குசினி வாசலில் கஜந்தினி நின்றாள், வெறுங்காலோடு, சொல்வழி கேட்டு, வாசற்படியைத் தாண்டாமல்.

"அம்மா, கேன் ஐ கம் இன்?"

"வாம்மா" என்றாள் புஷ்பவதி. "இனி வரலாம். ஓடி வா."